டிஸ்ப்ளே போன பெட்டிகளும் நான் போட்ட சண்டைகளும்

கிட்டார் வாசிக்கிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். அவர் காலடியில் கிடக்கிற பெட்டி பாதிப் பாட்டில் அணைந்துபோனால் திட்டு எனக்குக் கிடைக்கும். இதுதான் என் தொழில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் கிட்டார்காரர் அடிக்கடி காலால் எதையோ மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எஃபெக்ட்ஸ் பெட்டி. கிட்டார் சத்தத்தை உறும வைக்கும், எதிரொலிக்க வைக்கும், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆக்கும். சின்னப் பெட்டிக்கு ஒரே வேலை. பெரிய பெட்டிக்குள் நூறு விதச் சத்தம் இருக்கும், இப்போது எத்தனையாவது சத்தத்தில் இருக்கிறோம் என்று காட்ட ஒரு டிஸ்ப்ளே இருக்கும். எங்களிடம் வருகிற நோய் பெரும்பாலும் இரண்டுதான். டிஸ்ப்ளே தெரியவில்லை, இல்லையென்றால் பவரே வரவில்லை.

நானும் பானுவும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு சால்டரிங், அதாவது ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை, பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பெனியை மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வேறு வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும், இனிமேல் யாரிடமும் கை தூக்கி அனுமதி கேட்டு பாத்ரூம் போவதில்லை என்று முடிவு செய்து, படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு செல்போன் கடையின் பின்பாதியைப் பிடித்தோம். முதலில் வந்ததையெல்லாம் பார்த்தோம். ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரரின் பெட்டி பிழைத்துக்கொண்டது. அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி மற்றொருவர் என்று இந்தப் பெட்டிகளே எங்கள் பிழைப்பாகிவிட்டன.

ரிப்பேர் கடை வைத்திருக்கிற சக பாவிகளே, இனி நான் சொல்வது உங்களுக்கும் நடந்திருக்கும்.

அண்ணன் இல்லீங்களா?

கடை ஆரம்பித்த புதிதில் ஒருவர் தோளில் பையோடு வந்து நின்றார். கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவராம். என்னைப் பார்த்தார், பானுவைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். "அண்ணன் இல்லீங்களா?" என்றார். "எந்த அண்ணன்?" என்றேன். "ரிப்பேர் பாக்கிற அண்ணன்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கு ஒரே அண்ணன். காஞ்சிபுரத்துல வெல்டிங் பட்டறையில கீறார். உங்க பெட்டிக்கு வெல்டிங் வைக்கணுமா?" என்று கேட்டேன். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே இரண்டு கடையில் காட்டிவிட்டாராம், டிஸ்ப்ளே செத்துப்போச்சு, தூக்கிப் போடு என்றார்களாம். "ரெண்டு அண்ணனுங்க பாத்துட்டாங்க இல்ல, ஒரு தங்கச்சியும் பாக்கட்டும், குடுங்க" என்று கையை நீட்டினேன்.

பவர் கொடுத்தேன். டிஸ்ப்ளே கறுப்பாக இருந்தது. கடை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை டிஸ்ப்ளேமேல் சாய்வாக அடித்தேன். உள்ளே எழுத்தெல்லாம் மங்கலாக, ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளே சாகவில்லை. அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற சின்ன எல்இடிகள்தான் போயிருந்தன. விளக்கில்லாத அறையில் ஆள் உட்கார்ந்திருந்தால் அறையே காலி என்று சொல்லிவிடுவோமா? எல்இடியை மாற்றிக் கொடுத்தேன். பெட்டி நீலமாக ஒளிர்ந்தது. அவர் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. கடை வாசலிலேயே நின்று யாருக்கோ போன் போட்டு, எங்கள் காதுபடச் சொன்னார்: "டேய், கடைல அண்ணன்லாம் யாரும் இல்லடா, ஆனா வேலை ஆவுது."

ஹாஸ்டல் ரவுட்டர்

இசக்கி என்று ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கிட்டாரும் பழைய பெட்டி ஒன்றும் வைத்திருந்தாள். பெட்டியில் ஹெட்போன் மாட்டித்தான் வாசிப்பாள், பக்கத்துக் கட்டில்காரிக்குக்கூடக் கேட்காது. ஆனாலும் வார்டன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வேலைக்கு வந்த பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை என்று அடாப்டரைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். இசக்கி என்ன செய்தாள் தெரியுமா? வராந்தாவில் இருந்த ஹாஸ்டல் வைஃபை ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றித் தன் பெட்டியில் செருகிவிட்டாள். ஹாஸ்டல் முழுக்க நெட் போனது, பெட்டியும் போனது. "என்னக்கா செய்ய? பின்னு பொருந்திச்சு, போட்டுட்டேன்" என்று பெட்டியை என்முன் வைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மூன்று வாரத்தில் கம்பெனி ஆண்டு விழா. அதில் வாசிக்கப் பெயர் கொடுத்திருந்தாள். பெயர் கொடுத்திருந்த கிட்டார்காரர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

ரவுட்டர் அடாப்டரின் முனையில் நடுவில் ப்ளஸ், வெளியே மைனஸ். கிட்டார் பெட்டிகள் பெரும்பாலும் அதற்குத் தலைகீழ். பின் பொருந்துவதால் மட்டும் சம்பந்தம் பொருந்திவிடாது. நல்லவேளை, தலைகீழாகக் கரண்டு வந்தால் முதலில் தான் செத்து மற்றதைக் காப்பாற்றுகிற டையோடு ஒன்று பெட்டியில் இருந்தது. அதை மாற்றியதும் உயிர் வந்தது. ஆனால் அடாப்டர் இன்னும் வார்டன் பீரோவில்தானே இருக்கிறது? புதிது கொடுத்தால் அதுவும் பீரோவுக்குப் போகும். யோசித்து, செல்போன் பவர் பேங்கிலிருந்து ஒன்பது வோல்ட் எடுக்கிற மாதிரி ஒரு சின்ன கன்வர்ட்டர் போர்டு வைத்து ஒயர் செய்து கொடுத்தேன். பவர் பேங்க் எல்லாப் பெண்களின் தலைமாட்டிலும் இருக்கிறது, வார்டன் எத்தனையைப் பூட்டுவார்? அறையிலிருந்த ஆறு பேரும் ஆளுக்கொரு நாள் தங்கள் பவர் பேங்கைக் கொடுத்தார்களாம். விழா முடிந்த அடுத்த நாள் வீடியோவோடு வந்தாள். முன்வரிசையில் வார்டன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார். "இன்னாடி சொன்னாங்க?" என்று கேட்டேன். வார்டன் சொன்னதை விட்டுவிட்டு இசக்கி சிரித்தாள்: "அடாப்டரத்தானக்கா எடுத்தாவ, விரல எடுக்கலேல்லா?"

நடக்கிற புள்ளி

கல்லூரியில் படிக்கிற மகனின் பெட்டியை அப்பா கொண்டுவந்தார். டிஸ்ப்ளேவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதாம், அது நடக்கிறதாம். கம்ப்யூட்டர் தெரிந்த யாரோ வைரஸ் என்று சொல்லியிருக்கிறார். திறந்து பார்த்தால் கண்ணாடிக்கும் வெளிச்சத் தகட்டுக்கும் நடுவில் ஒரு எறும்பு. வெளிச்சத்தின் சூட்டுக்குக் குடிவந்திருந்தது. அதை வழியனுப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். அவர் நம்பவில்லை. எறும்பைக் காட்டு என்றார். மேஜையின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்ததைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "வூட்டுல இத்தினி இடம் கீது, இதுக்குப் படிக்கிற புள்ள பெட்டிதான் கெடைச்சுதா?"

முந்நூற்றுப் பத்து

சேகர் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறவர். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்துத் திருவிழாவில் மூன்று நாள் கச்சேரி. முதல் நாள் மேடை கட்டும்போதே அவருடைய அடாப்டர் எரிந்துபோனது. என்னிடம் வந்து வேறு போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அதையும் எரிந்த நிலையில் கொண்டுவந்து மேஜைமேல் வீசினார். "டுபாக்கூர் மாலைக் குடுத்து என் மானத்த வாங்கிட்ட. ஜனம் விசில் அடிச்சி என்னைக் கீழ எறக்குச்சு" என்றார். முன்கடையில் போன் வாங்க வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் அடாப்டரை முகர்ந்து பார்த்தேன். கரண்டு உள்ளே வருகிற பக்கம் கருகியிருந்தது. மட்டமான பொருள் என்றால் இப்படிக் கருகாது, அங்கே வருகிற கரண்டே அதிகம் என்று பட்டது. "சாயங்காலம் எத்தினி மணிக்கு மேடை கட்டுவீங்க? நான் வரேன்" என்றேன். மீட்டரை எடுத்துக்கொண்டு நாலு மணிக்கே போய்விட்டேன்.

மேடையில் சீரியல் லைட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடதுபக்கம் கண்ணைக் குத்துகிற வெள்ளை. வலதுபக்கம் அழுகிற மஞ்சள். ஒரு பக்கம் கரண்டு அதிகம், இன்னொரு பக்கம் குறைவு என்று அப்போதே தெரிந்தது. சேகர் செருகுகிற பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தேன். முந்நூற்றுப் பத்து வோல்ட். வீட்டில் நமக்கு வருவது இருநூற்று முப்பதுதான். ஜெனரேட்டர் வைத்திருந்த காசி என்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன் மீட்டரு பூட்டகேஸு. நான் இருவது வருசமா ஓட்டிக்கினு கீறேன்" என்றார். அதற்குள் பாடுகிற பெண் மைக்கைக் கையில் எடுத்துவிட்டாள். மைக்கில் கரண்டு இறங்கினால் ஆளே போய்விடும். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன்.

அவ்வளவுதான். விழாக் கமிட்டித் தலைவர் வந்தார், அவருக்குப் பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். யாரைக் கேட்டு ஆஃப் பண்ணின, சாமி காரியத்தில் ஒரு பொம்பளை கை வைக்கிறதா என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். சேகர்கூட "அக்கா, வுடுக்கா" என்றார். யாரும் சுவிட்சை ஏற்றிவிடாமல் நான் போர்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். "உங்கள்ல யாராச்சும் அந்த மைக்க வெறுங்கால்ல நின்னு வாயண்ட வச்சிப் பிடிங்க. நானே ஆன் பண்றேன்" என்றேன். தலைவர் மைக்கைப் பார்த்தார், பிறகு காசியைப் பார்த்தார். ஒருவரும் மேடை ஏறவில்லை. காசி முணுமுணுத்துக்கொண்டே போய் ஒயர்கள் சேருகிற பெட்டியைத் திறந்தார். கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் கரியாக எரிந்து, தொட்டதும் கையோடு வந்தது. அது விட்டுப்போனால் ஒரு பக்கத்துக்கு வரவேண்டிய கரண்டு இன்னொரு பக்கம் ஏறிக்கொள்ளும், யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. அரைமணி நேரத்தில் புது ஒயர் போட்டார்கள். மீட்டர் இருநூற்று இருபத்தெட்டு காட்டியது. நான் கிளம்பும்போது காசி கூடவே கொஞ்சதூரம் வந்தார். ஏதோ சண்டைக்குத்தான் வருகிறார் என்று திரும்பினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நூட்ரல் மேட்டர மட்டும் மைக்ல சொல்லிடாதம்மா, அடுத்த வருசமும் நான்தான் இங்க."

என் கையால் போனது

எப்போதும் நானே ஜெயித்த கதையாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். லோகு கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். லீவு நாளில் ரிசப்ஷன்களில் கிட்டார் வாசிப்பார். டிஸ்ப்ளேவில் பாதி எழுத்து வரவில்லை என்று பெட்டியைக் கொடுத்தார். டிஸ்ப்ளேவுக்குப் போகிற ரிப்பன் ஒயர் கழன்றிருக்கும், கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்தது. தெரிந்த வேலை என்கிற திமிரில், அதைப் பிடித்திருக்கிற லாக்கைத் தூக்காமல் ஒயரை இழுத்துவிட்டேன். ரிப்பன் கிழிந்தது. பாதி எழுத்தும் போய் முழு இருட்டு. அந்த மாடல் டிஸ்ப்ளே இங்கே கிடைக்காது, வரவழைக்க ஒரு மாதமாகும். மறுநாள் அவருக்கு மறைமலை நகரில் ரிசப்ஷன். "முன்னாடியே கிழிஞ்சிருந்துதுன்னு சொல்லிடலாமா?" என்றாள் பானு. எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் செய்யாத தப்புக்கு நான் தலைகுனிய மாட்டேன் என்று ஊரெல்லாம் சண்டை போடுகிறவள், செய்த தப்பை மறைத்தால் அந்தச் சண்டைக்கெல்லாம் என்ன அர்த்தம்? லோகு வந்ததும், "அண்ணே, நான்தான் கிழிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெட்டியில் சத்தத்துக்குக் குறையில்லை, நம்பர்தான் தெரியாது. கம்ப்யூட்டரில் இணைத்து, அவருக்கு வேண்டிய நாலு சத்தத்தையும் முதல் நாலு இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஒருமுறை மிதித்தால் இரண்டாவது, இன்னொருமுறை மிதித்தால் மூன்றாவது. கடைக்குள்ளேயே ஒரு மணி நேரம் மிதித்துப் பழகினார். மறுநாள் மனசு கேட்காமல் நானும் மண்டபத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எதிரொலி வரவேண்டிய நேரத்தில் உறுமல் வந்தது. டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார், மற்றவர்கள் அதுவும் பாட்டுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து டிஸ்ப்ளே வந்தது. போன் செய்தேன். என் செலவுதான், வந்து மாட்டிக்கொண்டு போங்கள் என்றேன். லோகு வேண்டாம் என்றார். கோபம் இன்னும் தீரவில்லைபோல என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "அது இருந்தா குனிஞ்சிகினே வாசிப்பேன்மா, இப்பதான் பொண்ணு மாப்ள மூஞ்சியப் பாத்து வாசிக்கிறேன்."

கையெழுத்து

எங்கள் பழைய கம்பெனியில் தயாளன் சார் என்று ஒரு சூப்பர்வைசர் இருந்தார். ஒரு நாள் எங்கள் லைனில் செய்த போர்டுகள் ஒரு டிரே முழுக்கத் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் டிரை சால்டர். அதாவது ஈயம் சரியாக உருகிப் பிடிக்காமல், பிடித்த மாதிரி நடித்துக்கொண்டிருக்கும். ஆட்டினால் விட்டுப்போகும். ஈயம் உருக்குகிற அயர்ன் சூடு பத்தவில்லை என்று நான் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்ததும் ஷிஃப்ட் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்து, 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிய பேப்பரை நீட்டினார். கையெழுத்து போட்டால்தான் உள்ளே போகலாம் என்றார். வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதித்துக்கொண்டிருந்த காலம். போட்டேன். அன்றைக்கு பஸ்ஸில் பானு என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

போன மாதம் அவர் எங்கள் கடைக்கு வந்தார். மகள் கிட்டார் கற்றுக்கொள்கிறாளாம். பெட்டியைக் காலால் மிதிக்கும்போதெல்லாம் டிஸ்ப்ளே அணைந்து அணைந்து எரிகிறதாம். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "அட, மகேஸ்வரியா? பரவால்ல, சின்னதா ஏதோ பண்ணிக்கினு கீறீங்க" என்றார். பிறகு பெருமையாக, "அடாப்டர் குத்துற சாக்கெட் ஆடிச்சு, நானே சால்டர் வச்சிட்டேன். அப்பவும் அணையுதுன்னா போர்டுதான் போயிருக்கும்" என்றார். திறந்தேன். சாக்கெட்டின் காலில் ஈயம் சாம்பல் நிறத்தில், பொரிந்துபோய், விளிம்பைச் சுற்றிக் கோடு விழுந்திருந்தது. பூதக்கண்ணாடி விளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "பாருங்க சார். இது இன்னாது?"

அவர் குனிந்து பார்த்தார். "டிரை சால்டர்" என்றார். "எதனால வரும் சார்?" "அயர்ன் சூடு பத்தலன்னா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கி நானும் அதத்தான் சார் சொன்னேன்" என்றேன். குரல் உயரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், உயரவில்லை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, சரியான சூட்டில் புதிதாக வைத்தேன். கண்ணாடிபோல் மின்னியது. பெட்டியைத் தரையில் வைத்து நானே பத்துமுறை ஓங்கி மிதித்தேன். ஒருமுறைகூட அணையவில்லை. அவர் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பியபோது, பக்கத்து மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பானு எழுந்தாள். வேலைச் சீட்டில் 'காரணம்' என்கிற இடத்தில் 'சால்டர் வைத்தவர் தவறு' என்று எழுதி, பேனாவோடு அவர்முன் நீட்டினாள்: "போன வாட்டி அவ போட்டா, இந்த வாட்டி நீங்க போடுங்க சார்."

ஆக மொத்தம், ஆள் பார்த்து மரியாதை கொடுக்கிற இந்த ரோட்டில் ஆள் பார்க்காமல் ஷாக் அடிக்கிற ஒரே நியாயஸ்தன் கரண்டுதான் என்பதால், அதனோடு மட்டும் நான் சண்டைக்குப் போவதில்லை.